கார்ல் வான் முல்லர்

கார்ல் ஃபிரீட்ரிக் மாக்ஸ் வான் முல்லர் (ஜூன் 16, 1873 – மார்ச் 11, 1923) ஜெர்மானியப் பேரரசின் கடற்படை அதிகாரி ஆவார். முதலாம் உலகப் போரின் தொடக்கத்தில் எம்டன் என்னும் இலகுரகப் போர்க்கப்பலின் தலைவராக இருந்து, 1914 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை இந்தியப் பெருங்கடலில் பிரித்தானிய வணிகக் கப்பல்களைத் தனியொரு கப்பலாகத் தாக்கியவர். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது இவருடைய கப்பலே. முதலாம் உலகப் போரில் எதிரிக் கப்பலின் குண்டுவீச்சுக்கு ஆளான இந்திய நகரம் சென்னை ஒன்றே. இரும்புச் சிலுவை முதல் வகுப்பு, பூர் லெ மெரித் ஆகிய உயர் படைத்துறை விருதுகளை முல்லர் பெற்றார். தமிழ்நாட்டில் கப்பலின் பெயர் பேச்சுவழக்கில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. கப்பல் தலைவரின் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே.

இளமையும் பயிற்சியும்

முல்லர் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தார். தந்தை பிரஷ்யத் தரைப்படையில் கர்னல். ஹனோவரிலும் கீல் துறைமுக நகரிலும் பள்ளிக்கல்வி பெற்ற பின் பிளோன் நகரின் படைத்துறைப் பள்ளியில் சேர்ந்தார். தந்தையின் வழியில் தரைப்படைக்குச் செல்லாமல் 1891இல் கடற்படையில் சேர்ந்தார். ஸ்டோஷ், க்னைசெனாவ் ஆகிய பயிற்சிக் கப்பல்களில் தொழில் கற்றார். பிறகு பாடன், சாக்சன் ஆகிய கவசக் கப்பல்களில் பணியாற்றினார்.

அடுத்து ஷ்வால்பெ என்னும் சிறு போர்க்கப்பலில் ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு (இன்றைய தன்சானியாவின் பெரும்பகுதி) அனுப்பப்பட்டார். அங்கே பற்றிய மலேரியாக் காய்ச்சல் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. 1900இல் நாடு திரும்பிய பின் பீரங்கி அதிகாரியாகவும், இளவரசர் ஹைன்ரிக்கின் கீழ்ப் பணியாளர் அதிகாரியாகவும் இருந்தார். 1908 டிசம்பரில் பதவி உயர்வு பெற்று, பெர்லினில் கடற்படை அமைச்சகத்தில் பணியமர்த்தப்பட்டார். அமைச்சகத்தின் தலைவர் அட்மிரல் டிர்பிட்ஸ் இவரது திறமையைக் கவனித்தார். அதன் பயனாக 1913இல் எம்டன் கப்பலின் தலைமை இவருக்குக் கிடைத்தது. அப்போது வயது நாற்பது. அதிகம் பேசாதவர், கூச்ச இயல்பினர் என்றே உடன் பணியாற்றியவர்கள் இவரைப் பற்றி எழுதியுள்ளனர்.

எம்டன் கப்பல்

எம்டன் டான்சிக் (இன்றைய போலந்தின் க்தான்ஸ்க்) கப்பல் தளத்தில் கட்டப்பட்டு 1908 மே மாதம் கடலில் இறக்கப்பட்டது. 1909 ஜூலையில் பணியில் சேர்ந்தது. நீளம் ஏறத்தாழ 118 மீட்டர். எடை 3,600 டன்னுக்குச் சற்று மேல். வேகம் மணிக்கு 23 கடல் மைலுக்கு மேல். 10.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள பத்துப் பீரங்கிகளும் இரண்டு டார்பிடோக் குழாய்களும் அதில் இருந்தன. எம்டன் பெரிய கப்பல் அன்று. பிரித்தானியக் கடற்படையின் பெரிய கப்பல் எதனோடும் நேருக்கு நேர் மோதினால் அது தப்பியிருக்க வாய்ப்பில்லை. இதை முல்லர் தொடக்கம் முதலே அறிந்திருந்தார் என்பது அவர் வகுத்த வழிமுறைகளிலிருந்து தெரிகிறது.

சீனாவின் சிங்டாவ் துறைமுகம் அப்போது ஜெர்மானியர் வசம் இருந்தது. அங்கு நிலைகொண்டிருந்த கிழக்காசியக் கடற்படைப் பிரிவில் எம்டன் இடம்பெற்றிருந்தது. 1913இல் யாங்சி ஆற்றங்கரையில் கிளர்ச்சியாளரின் கோட்டைகள் மீது குண்டு வீசியதற்காக முல்லருக்கு வாள்களுடன் கூடிய அரச மகுட விருது (மூன்றாம் வகுப்பு) வழங்கப்பட்டது.

போர் தொடங்கியதும் எம்டன் ரியாசான் என்னும் ரஷ்யக் கப்பலைக் கைப்பற்றியது. ஆகஸ்ட் 12இல் பசிபிக் பெருங்கடலின் பகான் தீவருகே வைஸ் அட்மிரல் ஸ்பேயின் தலைமையிலான பிரிவுடன் சேர்ந்தது. மறுநாள் நடந்த ஆலோசனையில், பிரிவு முழுவதும் தென்னமெரிக்கா நோக்கிச் செல்லட்டும், ஒரு கப்பலையாவது இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்ப வேண்டும் என்று முல்லர் வாதிட்டார். ஸ்பே அதை ஏற்று எம்டனையே அனுப்பினார். நிலக்கரி ஏற்றிய மார்க்கொமானியா என்னும் துணைக்கப்பல் உடன் சென்றது.

அக்காலப் போர்க்கப்பல்கள் நிலக்கரியால் ஓடியவை. எம்டன் நிலக்கரி பெறக்கூடிய ஜெர்மானியத் துறைமுகம் எதுவும் அருகில் இல்லாததால், பிடிபடும் எதிரிக் கப்பல்களிலுள்ள நிலக்கரியைக் கொண்டே எம்டன் ஓட வேண்டியிருந்தது. முல்லரின் பயணத்தில் வீரத்தைவிட இந்த நிலக்கரிக் கணக்கே பெரும்பாலான முடிவுகளைத் தீர்மானித்தது. மூன்று புகைபோக்கிகள் கொண்ட எம்டனுக்கு நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி பொருத்தப்பட்டது. தொலைவிலிருந்து பார்ப்போர் அதைப் பிரித்தானியக் கப்பல் என்று கருதவே இந்த ஏற்பாடு.

வங்காள விரிகுடாவில்

செப்டம்பர் முதல் வாரத்தில் எம்டன் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது. செப்டம்பர் 10 முதல் சில நாட்களுக்குள் கொல்கத்தாக் கடல்வழியில் இண்டஸ், லோவட், கில்லின், டிப்ளொமட், டிராபொக், கிளான் மாதெசன் ஆகிய கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. பொன்டொபொரோஸ் என்னும் கிரேக்கக் கப்பல், நிலக்கரிக்காக உடன் வைத்துக்கொள்ளப்பட்டது.

பிடிபட்ட கப்பலிலிருந்து எல்லாரையும் இறக்கிய பின்னரே அதை மூழ்கடிப்பது முல்லரின் வழக்கம். சேர்ந்த மாலுமிகள் அனைவரையும் கபிங்கா என்னும் கப்பலில் ஏற்றிக் கரைக்கு அனுப்பினார். அக்கப்பல் தலைவரின் மனைவியும் குழந்தையும் அதில் இருந்ததால் கபிங்கா மூழ்கடிக்கப்படவில்லை. பிரித்தானிய இதழ்களே முல்லரைப் பண்பாளர் என்று எழுதத் தொடங்கியது இதனாலேயே. லொரெடானோ என்னும் இத்தாலியக் கப்பல் (இத்தாலி அப்போது நடுநிலை நாடு) விடுவிக்கப்பட்டதும் எச்சரிக்கையைக் கரைக்கு எட்டச் செய்தது. அதன்பின் விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து நின்றது. கடலில் இரை இல்லாத நிலையில் முல்லரின் பார்வை கரையை நோக்கித் திரும்பியது.

சென்னைத் துறைமுகம் மீது தாக்குதல்

சென்னைத் துறைமுகம் இயற்கைத் துறைமுகம் அன்று. ஜார்ஜ் டவுனுக்கும் இராயபுரத்துக்கும் கிழக்கே திறந்த கடலில் கற்களைக் கொட்டி அலைச்சுவர்கள் எழுப்பிச் செயற்கையாக அமைக்கப்பட்டது. புயலும் மணலும் கெடுத்த பழைய அமைப்பைத் துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் திருத்தியமைத்தார். கிழக்கே திறந்திருந்த வாயில் மூடப்பட்டு வடகிழக்கில் புது வாயில் அமைந்தது. துறைமுகத்தை ஒட்டிப் பர்மா எண்ணெய்க் கம்பெனியின் பெரிய தொட்டிகள் நின்றன. இரங்கூனிலிருந்து கப்பலில் வந்த எண்ணெய் இவற்றில் சேமிக்கப்பட்டது. மின்விளக்கு சிலருக்கே எட்டியிருந்த காலத்தில் மாகாணத்தின் வீட்டு விளக்குகளும் கடை விளக்குகளும் மண்ணெண்ணெயால் எரிந்தன. கடலிலிருந்து பார்ப்பவருக்கு இத்தொட்டிகளைவிட எளிதான இலக்கு சென்னைக் கரையில் வேறில்லை.

1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. போர் தொடங்கி ஏழு வாரங்கள் ஆகியும் நகரில் இருட்டடிப்பு இல்லை. உயர் நீதிமன்றக் கோபுரத்தின் கலங்கரை விளக்கம் வழக்கம்போல் எரிந்தது. எம்டன் அந்த ஒளியை வைத்தே தன் இடத்தைக் கணித்துக்கொண்டு நெருங்கியது. இரவு சுமார் ஒன்பதரை மணிக்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 3,000 கெஜத் தொலைவில் நின்று, தேடொளி விளக்கைத் தொட்டிகள் மீது பாய்ச்சிச் சுடத் தொடங்கியது. முதல் முப்பது குண்டுகளுக்குள் தொட்டிகள் தீப்பற்றின. அடுத்து துறைமுகத்திலிருந்த கப்பல்கள் சுடப்பட்டன. சுப்ரா என்னும் வணிகக் கப்பல் சேதமடைந்தது. கரையிலிருந்த பீரங்கிகள் விழித்துக்கொண்டு ஒன்பது குண்டுகள் சுட்டன. ஒன்றும் எம்டனைத் தொடவில்லை. அரை மணி நேரத்தில் ஏறத்தாழ 125 குண்டுகளைச் சுட்டுவிட்டு, விளக்குகளை அணைத்து எம்டன் இருளில் மறைந்தது.

இலட்சக்கணக்கான கேலன் எண்ணெய் எரிந்தது. குறைந்தது ஐவர் இறந்தனர்; பலர் காயமுற்றனர். சில குண்டுகள் இலக்குக்கு அப்பாலும் விழுந்தன. அவற்றுள் ஒன்று உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்கு மதிலைத் தாக்கியது.

இந்திய மக்களின் கவனத்தை ஈர்ப்பதும், ஆங்கிலேயர் வணிகத்தைக் குலைப்பதும், அவர்களது மதிப்பைக் குறைப்பதுமே தாக்குதலின் நோக்கம் என்று முல்லர் தம் அறிக்கையில் குறிப்பிட்டார். எண்ணெய்க் கம்பெனியின் இழப்பைவிட இந்த நோக்கம் மிகுதியாக நிறைவேறியது எனலாம். மறுநாள் முதல் ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினர். இரயில் நிலையங்கள் நிரம்பின. மாட்டுவண்டிகள் உள்நாட்டை நோக்கிச் சென்றன. உதகமண்டலத்தில் இருந்த ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு நகருக்குத் திரும்பி மக்களுக்குத் துணிவூட்ட வேண்டியதாயிற்று. கடல் முழுவதும் ஆங்கிலேயரின் ஆட்சிக்கு உட்பட்டது என்னும் நம்பிக்கையில் ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. அந்த நம்பிக்கையைக் குலைக்கச் சிறியதொரு கப்பலுக்கு அரை மணி நேரம் போதுமாயிருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது சென்னை மீண்டும் காலியாயிற்று.

செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தாரா?

திருவனந்தபுரத்தில் பிறந்த விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை (1891–1934) எம்டனில் இருந்து சென்னைத் தாக்குதலை வழிநடத்தினார் என்று தமிழ் நூல்கள் பலவற்றிலும் மேடைப் பேச்சுகளிலும் கூறப்படுவதுண்டு. இதற்குச் சான்று இல்லை. எம்டன் அதிகாரிகளான ஹெல்முத் வான் மியூக்கெயும் ஹோகன்சோலர்ன் இளவரசர் ஃபிரான்ஸ் ஜோசஃபும் தம் பயணத்தைப் பற்றி விரிவாக நூல்கள் எழுதியுள்ளனர். இவற்றில் அத்தகைய இந்தியர் இடம்பெறவில்லை. மேலும், 1914 செப்டம்பரில் செண்பகராமன் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் இந்திய ஆதரவுக் குழுவொன்றை நடத்திவந்தார். அடுத்த மாதம் பெர்லின் சென்று இந்தியப் புரட்சிக் குழுவில் இணைந்தார். ஆகஸ்டில் பசிபிக் தீவொன்றிலிருந்து புறப்பட்ட கப்பலில் அவர் ஏறியிருக்க வழியில்லை. ஜெர்மனியில் அவர் ஆற்றிய பணி ஆவணங்களோடு நிற்பது. அதற்கு எம்டனின் துணை தேவையில்லை.

இலங்கை முதல் பினாங்கு வரை

சென்னையிலிருந்து எம்டன் இலங்கைப் பக்கம் சென்று கொழும்புக் கடல்வழியில் மேலும் ஆறு கப்பல்களைப் பிடித்தது. அவற்றுள் புரெஸ்க் என்னும் கப்பலில் உயர்தர வேல்சு நிலக்கரி இருந்தது. இதனால் பல வாரங்களுக்கு எரிபொருள் கவலை நீங்கியது. அக்காலத்தில் இலங்கையில் எழுந்த வதந்திகளுக்கு ஒரு பலியும் உண்டு. யால காட்டு விலங்குச் சரணாலயத்தின் முதல் காவலரான எங்கல்பிரெக்ட் என்பவர், எம்டனுக்கு இறைச்சி வழங்கினார் என்ற ஐயத்தின் பேரில் சிறையிலிடப்பட்டார். குற்றச்சாட்டு பொய்யென்பது பின்னரே தெளிவாயிற்று.

அக்டோபர் இரண்டாம் வாரம் தியேகோ கார்சியாத் தீவில் எம்டன் நங்கூரமிட்டது. அஞ்சல் கப்பல் அரிதாகவே வரும் அத்தீவில் போர் தொடங்கிய செய்தியே எட்டியிருக்கவில்லை. பிரித்தானியக் கொடியின் கீழ் வாழ்ந்த தீவினர் எதிரியை விருந்தினராக வரவேற்றனர். எம்டன் பொறியாளர்கள் அவர்களது பழுதுபட்ட விசைப்படகைச் சரிசெய்து கொடுத்தனர்.

அக்டோபர் 28 அதிகாலையில் எம்டன் பொய்ப் புகைபோக்கியோடு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. சுடுவதற்குச் சற்றுமுன் ஜெர்மானியக் கொடியை ஏற்றி, நங்கூரமிட்டிருந்த ஜெம்சுக் என்னும் ரஷ்யப் போர்க்கப்பலை டார்பிடோவால் மூழ்கடித்தது. கப்பலின் தலைவர் அப்போது கரையில் இருந்தார். மாலுமிகளில் ஏறத்தாழ தொண்ணூறு பேர் இறந்தனர். வெளியேறும் வழியில் மூஸ்கே என்னும் பிரெஞ்சு நாசகாரிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. அதில் உயிர் தப்பிய 36 பேரை முல்லர் மீட்டு, பின்னர் எதிர்ப்பட்ட நியூபர்ன் என்னும் பிரித்தானியக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். காயத்தால் இறந்தவர்களுக்குப் படைத்துறை மரியாதையுடன் கடலில் அடக்கம் நடந்தது.

கோகோஸ் தீவுப் போர்

கோகோஸ் (கீலிங்) தீவுக் கூட்டத்தின் டைரக்ஷன் தீவில் ஆஸ்திரேலியாவை ஆசியாவோடும் ஆப்பிரிக்காவோடும் இணைக்கும் கடலடித் தந்திக் கம்பி நிலையம் இருந்தது. நவம்பர் 9 காலையில் மியூக்கெயின் தலைமையில் ஏறத்தாழ ஐம்பது பேரை முல்லர் அங்கு இறக்கினார். கம்பியில்லாத் தந்தியில் நிலையத்தார் எச்சரிக்கை அனுப்பிவிட்டனர். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிய கப்பல் தொகுதி சுமார் ஐம்பது கடல் மைல் தொலைவில்தான் சென்றுகொண்டிருந்தது. முல்லர் இதை அறியார். காவலாக வந்த சிட்னி என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் விரைந்து வந்தது.

சிட்னியின் பீரங்கிகள் ஆறு அங்குல விட்டமுள்ளவை. எம்டனுடையவற்றைவிட நெடுந்தொலைவு எட்டுபவை. எம்டனின் தொடக்கக் குண்டுகள் சில சிட்னியைத் தாக்கினாலும், தூரம் விரிந்ததும் போர் ஒருதலையாயிற்று. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் புகைபோக்கிகளும் பெரும்பாலான பீரங்கிகளும் சிதைந்தன. கப்பல் மூழ்கி மாலுமிகள் அனைவரும் மடிவதைத் தவிர்க்க, முல்லர் அதை வடகீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றினார். மாலையில் சிட்னி திரும்பி வந்தபோது எம்டனின் கொடி இறக்கப்படாமல் இருந்தது. சிட்னி விடுத்த சைகைக்கு மறுமொழி இல்லை. எனவே மீண்டும் சுட்டது. மேலும் சிலர் இறந்தனர். கொடியை உரிய நேரத்தில் இறக்கியிருக்க வேண்டும் என்று முல்லரையும், பாறையில் சிக்கிய கப்பலைச் சுட்டிருக்க வேண்டாம் என்று சிட்னியின் தலைவர் குளொசொப்பையும் குறைகூறுவோர் உண்டு. எம்டனில் 130க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிட்னியில் இறந்தவர் நால்வர்.

காயமுற்றவர்களோடு சிட்னி கொழும்புக்குள் நுழைந்தபோது, குளொசொப் கேட்டுக்கொண்டபடி கரையிலும் கப்பல்களிலும் யாரும் வெற்றி முழக்கம் எழுப்பவில்லை. அதிகாரிகள் தம் வாள்களை வைத்துக்கொள்ளப் பிரித்தானியக் கடற்படை அனுமதித்தது. தீவில் விடப்பட்ட மியூக்கெயும் அவரது குழுவினரும் அயேஷா என்னும் பழைய பாய்மரக் கப்பலைக் கைப்பற்றிச் சுமத்ரா சென்று, பின் அரபு நாடு வழியாக 1915இல் கான்ஸ்டான்டினோபிளை அடைந்தது தனிக் கதை.

சிறைவாசமும் விருதுகளும்

முல்லர் மால்டாத் தீவில் சிறைவைக்கப்பட்டார். 1916 அக்டோபரில் அவர் மட்டும் தம் மாலுமிகளிடமிருந்து பிரித்து இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். நாட்டிங்காம் அருகே சட்டன் பானிங்டன் முகாமிலிருந்து 1917 செப்டம்பரில் இருபதுக்கும் மேற்பட்ட கைதிகள் சுரங்கம் தோண்டித் தப்பினர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய முல்லர் விரைவிலேயே பிடிபட்டார். ஆப்பிரிக்காவில் பற்றிய மலேரியா சிறையில் கடுமையானது. கைதிகள் பரிமாற்ற ஏற்பாட்டின்படி 1918இல் மருத்துவத்துக்காக நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டு, அக்டோபரில் ஜெர்மனி திரும்பினார்.

1914இலேயே அவருக்கு இரும்புச் சிலுவை முதல் வகுப்பு வழங்கப்பட்டிருந்தது. மிக உயரிய பூர் லெ மெரித் விருது 1918 மார்ச்சில்தான் வந்தது. கேப்டன் பதவிக்கும் உயர்த்தப்பட்டார். எம்டனில் பணியாற்றியோர் தம் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்பதை இணைத்துக்கொள்ள அரசு அனுமதித்தது.

உடல்நலக் குறைவால் 1919இல் ஓய்வு பெற்றார். 1920இல் திருமணம் செய்துகொண்டார். இரு மகள்கள் பிறந்தனர். எம்டனைப் பற்றி நூல் எழுதும்படி பலர் வேண்டியபோது மறுத்துவிட்டார். இறந்த தோழர்களின் இரத்தத்தைக் காசாக்குவதாகவே அது தமக்குத் தோன்றும் என்பது அவர் கூறிய காரணம். பிரவுன்ஷ்வைக் மாநிலச் சட்டமன்றத்துக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1923 மார்ச் 11இல் திடீரென இறந்தார். வயது 49.

மதிப்பீடு

மூன்று மாதங்களில் முல்லர் இரண்டு போர்க்கப்பல்களையும் மொத்தம் சுமார் 70,000 டன் எடையுள்ள வணிகக் கப்பல்களையும் மூழ்கடித்தார். வணிகக் கப்பல்களைப் பிடித்தபோது மாலுமிகளின் உயிரைக் காத்ததை அவரது எதிரிகளும் மறுக்கவில்லை. ஆனால் இப்புகழுரை பெரும்பாலும் கடலில் நடந்தவற்றைக் கொண்டு எழுதப்பட்டது. சென்னைத் தாக்குதலில் எச்சரிக்கையும் இல்லை, மக்களை இறக்கிவிட அவகாசமும் இல்லை. துறைமுகத்தில் இறந்தவர்கள் படைவீரர் அல்லர். ஊரைச் சுடுவது முல்லரின் நோக்கமன்று என்பது மெய்யே. எனினும் இரவில் 3,000 கெஜத்திலிருந்து சுடப்படும் குண்டு, தொட்டிக்கும் தெருவுக்கும் வேறுபாடு அறியாது. பினாங்கிலிருந்து வெளியேறும்போது ஆயுதமற்ற படகொன்றைச் சுட்டதற்காக ஒரு பிரித்தானியக் கப்பல் மூலம் வருத்தம் தெரிவித்து அனுப்பியவர் முல்லர். சென்னைக்கு அத்தகைய செய்தி எதுவும் வரவில்லை.

தமிழில் எம்டன்

அஞ்சாதவன், சூழ்ச்சிக்காரன், கண்டிப்பு மிக்கவன் என்னும் பொருள்களில் 'எம்டன்' தமிழ்ப் பேச்சுவழக்கில் இடம்பெற்றது. 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்வோரில் பலருக்கு அது கப்பலின் பெயர் என்பது தெரியாது. மலையாளத்திலும் இச்சொல் இதே பொருளில் வழங்குகிறது. 2006இல் 'எம்டன் மகன்' என்னும் பெயரில் எடுக்கப்பட்ட தமிழ்த் திரைப்படம், தமிழ்ப் பெயருக்கான வரிவிலக்குப் பெறுவதற்காக 'எம் மகன்' என மாற்றப்பட்டது.

உயர் நீதிமன்ற வளாக மதிலில் குண்டு விழுந்த இடத்தில் ஒரு நினைவுக் கல்வெட்டு உள்ளது. எம்டன் வீசிய குண்டின் பகுதி சென்னையில் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்த் தொழில் இருபதாம் நூற்றாண்டில் வடக்கே தண்டையார்பேட்டைச் சேமிப்புக் கிடங்குகளுக்கும், 1969இல் இயங்கத் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலைக்கும், எண்ணூருக்கும் பரவியது.